இரண்டு சின்னக் கட்டில்கள்

என்னங்க,

நம் பெரிய கட்டிலை விற்றுவிட்டேன்.

மார்பை எடுத்தபோதுகூட என் பக்கத்தைவிட்டு நகராத நீங்கள், ஹார்மோன் மாத்திரை தொடங்கியபின் ஹாலில் போய்ப் படுக்கிறீர்கள். "நீ நல்லா தூங்கு லா" என்கிறீர்கள். உடம்பு கொதித்து மெத்தை நனைவதும், நீங்கள் தொட்டால் வலிப்பதும் அந்த மாத்திரையால்தான். உங்கள்மேல் வெறுப்பு இல்லை. இதை நேரில் சொல்லக் கூசுகிறது. புற்றுநோய் திரும்பாதிருக்க இன்னும் நான்கு வருடம் அதை விழுங்கியாக வேண்டும்.

கிள்ளான் கடைத்தெருவில் சின்னக் கட்டில் இரண்டு கேட்டதும், கடைக்காரத் தம்பி சிரித்தான்.

"என்னக்கா, வீட்ல சண்டையா?"

"சண்டைன்னா ரெண்டு ரூம் தேடியிருப்பேன். நீ விலையச் சொல்லு."

பழைய கட்டிலை அவனே எடுத்துக்கொள்கிறான்; அதன் விலை போக, மேலே முந்நூறு வெள்ளி கொடுத்தேன். இரண்டையும் ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில் அவனே போட்டுத் தருவதாகப் பேச்சு.

உங்கள் மனைவி