அம்மன் வண்டி ஏன் நின்றது

ஐயம்பேட்டை,
ஆனி 5.

அன்புள்ள ஜோசுவாவுக்கு மணிவண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். பத்து மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் உன் மகள் திரிஷாவிடம் விலாசம் வாங்கிக் காகிதத்தில் எழுதுகிறேன். கொடுக்கும்போதே அது என்னை முறைத்தது. உன் பெண்தானே.

நம் ஒர்க்‌ஷாப்பில் இப்போது பம்புசெட் வேலைதான் அதிகம். கோடை மழையில் தாமல் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. என் வீட்டுக்காரி சத்யப்ரியா உனக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்று என்னைத்தான் கேட்கிறாள்.

ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடியில் அம்மன் அலங்கார வண்டியை அதில் கட்டி இழுத்தோமே, அன்று கிளம்பும்போது, "முதல்ல எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுபா, அப்பால சீரியல் செட் போட்டுக்கலாம்" என்று நீ சொன்னாய். விளக்குப் போடாமல் அம்மன் வண்டியை எடுப்பதா என்று கத்தினேன். எங்க வழக்கம் உனக்கு என்னடா தெரியும் என்றும் கேட்டேன். என் பிடிவாதத்தால் விளக்கைப் போட்ட பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம்.

தெருமுனைத் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றது. ஒரு தடவையா, ஏழு தடவை! கடைசியில் ஊரே கூடித் தள்ளியது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாதம், காலை எடுத்தாலும் அலுங்காமல் ஐடிலில் ஓடிய வண்டி. எரிந்துபோன பழைய எஞ்சின் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கி, அதன் செட்டிங் எண்களையெல்லாம் நீ பார்த்துப் பார்த்துப் போட்டது. வேலை தெரியாதவனை நம்பினேன் பார் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஐ.டி.ஐ. நாளிலிருந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவனை அப்படிச் சொன்னேன். அடுத்த மாதமே நீ விமானம் ஏறிவிட்டாய்.

இந்த வருஷமும் நம் ஜீப்தான் வேண்டும் என்று தர்மகர்த்தா முனிசாமி கேட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் எண்களில் கை வைக்கத் தைரியமில்லை. காரணம் தெரியாமல் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஐடில் வால்வை மட்டும் கழற்றி, ஒயரை விடாமல் கையில் பிடித்துக்கொண்டு, சத்யப்ரியாவைச் சாவி போடச் சொன்னேன். உள்ளேயிருந்த ஊசி குடுகுடுவென்று வெளியே வந்து, கழன்று என் மடியில் விழுந்தது. ஸ்பிரிங்கைத் தேட அரை மணி நேரம் ஆயிற்று. சிரிக்காதே. மறுபடி பூட்டி, வீட்டில் கிடந்த, தறியில் ஓடும் மர நாடா ஒன்றை அதற்கு முட்டுக் கொடுத்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் சின்ன மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. சாவி போட்டதும் முழுக்க மூடி, முட்டிய இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக எண்ணித் திறக்கிறது. நம் கால் எடுத்த பிறகு எஞ்சினுக்குக் காற்று கிடைப்பது அந்தச் சந்து வழியாகத்தான். அதிசயமாக இருந்தது. பத்து தடவை பார்த்தேன். கை வலிக்குது, போதும்யா என்று சத்யப்ரியா திட்டினாள்.

அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர் சத்தம் வேண்டாம் என்று சீரியல் செட்டை ஜீப் பேட்டரியிலேயே கோத்திருந்தோம் அல்லவா? அதைப் போட்டுவிட்டுச் சாவி போடச் சொன்னேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய வோல்டேஜ் பத்துக்குக் கீழே போனது. ஊசி முக்கி முனகி மூடிக்கொண்டது. மூடுவதற்குத்தான் நீ கூடுதல் படி கொடுத்திருக்கிறாயே. திறக்கும்போது நடுங்கிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. எஞ்சின் கம்ப்யூட்டரோடு கோத்த லேப்டாப்பிலோ நாற்பது படி திறந்ததாகக் காட்டுகிறது! பிறகு எஞ்சின் ஓடி வோல்டேஜ் ஏறினாலும் எண்ணிக்கை தப்பினது தப்பினதுதான். ஒர்க்‌ஷாப்பில் நாம் ஒரு நாள்கூட விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

வண்டியை நிறுத்தியவன் நான்தான், ஜோசுவா.

விளக்கை அப்புறம் போட்டால் அம்மனுக்குக் குறையாகுமா என்று முனிசாமியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சீரியல் செட்டே மூணு வருசமாத்தான்பா போட்டுக்கினு இருக்கோம். அது எப்போ வழக்கமாச்சு? கற்பூரம் ஏத்திட்டு எடு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வழக்கம் வழக்கம் என்று நான் கத்தியது நானே உண்டாக்கிக்கொண்டது.

அன்றைக்கு இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் போன வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்தார்கள். தப்பு என் பேரில், ஜோசுவா சொன்னபடி செய்திருந்தால் வண்டி நின்றிருக்காது என்று அதே இடத்தில் நின்று சொன்னேன். மீதி இரண்டு பேரை வீட்டில் போய்ப் பார்த்துச் சொன்னேன். இதுக்காடா இவ்ளோ தூரம் வந்த என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

உன் எண் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. ஆடி மூன்றாம் வெள்ளி சாயங்காலம் வண்டி கிளம்புகிறது. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும் நேரத்தில் உனக்குப் போன் போடுவேன். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். கற்பூரம் ஏற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, போனை பானெட் மேல் வைத்துவிடுகிறேன். உன் ஐடில் எப்படி நிற்கிறது என்று கேள். சரியில்லை என்றால் அப்போது வாயைத் திறந்து என்னைத் திட்டு.

கர்த்தரும் நம்ம ஊர் அம்மனும் உன்னை நன்றாக வைக்கட்டும். போனை மட்டும் எடுத்துவிடு.

உன்,
மணிவண்ணன்