பூஜைக்கு வச்ச கம்ப்யூட்டர்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், வெள்ளத்தாய். மூத்த மருமகள் யோகேஸ்வரி. இளைய மகன் ஹரிகிருஷ்ணன். யோகேஸ்வரியின் அம்மா நாகஜோதி — பொரியில் வெல்லம் கம்மி என்று நாலு தடவை சொன்னாள், எண்ணி வச்சிருக்கேன். மூத்தவன் சங்கிலிப்பாண்டி ஜம்முவில் பட்டாளத்தில். போனில் சாமி கும்பிட்டான்.

அரிவாள்மனை, தையல் மெஷின், யோகேஸ்வரியின் கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். போன வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்க சாம்சன் அதில் இன்னொரு மெமரி மாட்டிவிட்டுப் போனான்.

பூஜையில் வச்சதை மறுநாள் வரை தொடக் கூடாது. யோகேஸ்வரியும் நாகஜோதியும் கோயிலுக்குப் போனதும் ஹரி கம்ப்யூட்டரைப் போட்டான். ஒரே பித்தானை டக்கு டக்குன்னு தட்டினான், வேற மாதிரி ஒரு பக்கம் வந்தது. "மெமரி வேகத்தைக் கூட்டிட்டேம்மா, இனி பறக்கும். அண்ணிகிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. பெத்த பிள்ளை.

அக்டோபர் 3

கம்ப்யூட்டர் திரை நீலமாகி நின்னுபோச்சு. யோகேஸ்வரி அடிச்சு வச்ச ரெண்டு பாடம் போச்சு. மில்லில் ஆறு வருசம் பஞ்சுத் தூசி தின்று, இருமல் வாங்கி, டாக்டர் போகக் கூடாதுன்ன பொறவு கிடைச்ச வேலை இது. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்குப் பாடப்புத்தகம் அடிச்சுக் கொடுக்கா.

அக்டோபர் 4

இன்று மூணு தடவை நின்னுச்சு.

அக்டோபர் 6

பூஜைக்கு வச்சதைத் தொட்ட குத்தம். வேற என்ன? மடவார் வளாகம் போய் வைத்தியநாத சாமிக்கு விளக்குப் போட்டேன். முட்டுவலிக்கு வேண்டுதல்னு யோகேஸ்வரிகிட்ட சொன்னேன்.

"எனக்கும் சேர்த்து வேண்டினீங்களா அத்தை?"ன்னா.

அக்டோபர் 8

முந்தாநாள் கழற்றிக்கொண்டு போன புது மெமரியைச் சாம்சன் கொண்டுவந்து திரும்ப மாட்டினான். கடையில் சோதிச்சானாம், பழுதே இல்லையாம். யோகேஸ்வரி ரேஷனுக்குப் போயிருந்தா.

"ஆச்சி, பயாஸ்ல யாரும் கை வச்சாங்களா? கம்ப்யூட்டர் முழிக்கும்போதே மாத்துற செட்டிங் அது."

ஹரி கதவோரம் நின்று போனையே பார்த்தான்.

"ஏலே, பழைய சாமானை மாட்டிட்டு எங்க ஆளுக மேல பழி போடுதியா? எந்திரி!"

"பத்து நிமிசம் பார்த்துட்டுப் போயிருதேன் ஆச்சி."

"ஒரு நிமிசம் கிடையாது."

தெருவே பார்த்தது. ஸ்குரூ டிரைவரை மறந்து போட்டுட்டுப் போனான்.

அக்டோபர் 11

திங்கட்கிழமைக்குள் அஞ்சு பாடம் வரணும், இல்லேன்னா வேற ஆள் — கம்பெனி போன். யோகேஸ்வரி ஒவ்வொரு வரிக்கும் சேவ் போடுதா.

அடுப்படியில் ஹரியைப் பிடிச்சேன். "மாத்தினதை மாத்திருடா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

நம்பினேன். நம்பினேனா? நம்பினா சௌகரியமா இருந்துச்சு.

அக்டோபர் 13

இன்று ஏழு தடவை. சாயந்திரம் போன் வந்தது. வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க.

அக்டோபர் 15

யோகேஸ்வரி மில்லில் பேர் கொடுத்துட்டு வந்தா. ஹரி செஞ்சதை அப்பதான் சொன்னேன். அவ கத்தலை.

"ஒண்ணாந்தேதியே தெரியுமா அத்தை?"

"தெரியும்."

சாம்சனுக்குப் போன் போட்டா.

அக்டோபர் 17

ஸ்குரூ டிரைவரைத் துடைச்சுக் கொடுத்தேன். சாம்சன் என் முகத்தைப் பார்க்காம வாங்கினான். அதே பித்தானைத் தட்டி வேகத்தைப் பழையபடி குறைச்சான். கொடுத்த காப்பி ஆறலை, வேலை முடிஞ்சது.

"பழைய மெமரியும் புதுசும் வேற வேற வேகம். கூட்டினா தாங்காது. அன்னைக்கே பார்த்திருப்பேன் ஆச்சி."

அக்டோபர் 27

அஞ்சரைக்கு மில் பஸ். யோகேஸ்வரி மூக்கில் துணி கட்டிட்டுப் போறா. இருமல் திரும்பிட்டு.

அவ போன பொறவு கம்ப்யூட்டரைப் போட்டுவிடுதேன். பொழுது சாயுற வரைக்கும் நிக்காம ஓடுது. முன்னால இருக்க ஆள் இல்லை.

நாகஜோதியை வெல்லத்தோட மன்னிச்சு விட்டுட்டேன். ஹரி முட்டாள், அவனையும் ஒரு நாள் விட்டுருவேன். தெரிஞ்சே வாயை மூடிட்டு, கண்டுபிடிக்க வந்தவனையும் விரட்டின ஒருத்தி இருக்கா. அவளை விட மாட்டேன்.

வெள்ளத்தாய்.