அமாவாசையன்று கடலுக்குப் போனது

12 மே 1957, கறம்பக்குடி

பள்ளிக்கூடம் மூடி இரண்டு வாரம். சொர்ணவல்லி அறந்தாங்கிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாதம். கட்டினவனை விட்டுப் போகும்போது அவள் சொன்னது: "ஒங்களுக்கு டிராயிங் மாஸ்டர் வேலைதான் சரி. வாயத் தொறக்க வேண்டியதில்ல. நான் செவுத்தோட எம்புட்டு நாளைக்குப் பேசுறது?"

அவள் சொன்னது சரிதான். போய் அழைக்கவும் அந்த வாய்தானே வேண்டும்?

16 மே

பழைய பேப்பர் கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை. அதில் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் ஓவியம், வெயில் காலத்துக் கடற்கரை. கிட்டத்தில் வெள்ளையும் நீலமும் அவசரமாக அப்பியது போல இருக்கிறது. தள்ளி வைத்தால் காற்றடிக்கிறது. குடை பிடித்து இரண்டு பெண்கள், மணலில் படுத்தபடி ஓர் ஆள். ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. கூட ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். பொறாமையாக இருந்தது.

மோர் கொடுக்க வந்த எதிர்வீட்டு செங்கமலம் பார்த்துவிட்டு, "பாவம், யாரு செத்தது?" என்றார். நம் பக்கத்தில் கருமத்துக்கும் திதிக்கும்தானே கடலுக்குப் போகிறோம்.

20 மே

இன்று யாரிடமும் பேசவில்லை.

29 மே

கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்தேன். சும்மாதான். குடையோடு மணலில் உட்கார்ந்தேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அடைக்கலமேரி என்ற அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்ல யாருங்க தவறிட்டாங்க?"

"யாருமில்லை."

"அப்ப எந்திரிச்சுப் போங்க. தனியா வந்து உக்காந்தவங்கள நாங்க விட்டுட்டுப் போறதில்ல."

சாக வந்தவன் என்று நினைத்துவிட்டார். நகரவே இல்லை. அவரிடம் சொர்ணவல்லியைப் பற்றிச் சொன்னேன் — வீட்டில் சொல்லாததையெல்லாம். வெட்கக்கேடு. பிறகு அவர் கரையில் காவல் நிற்க, வெயிலுக்கு ஒரு முழுக்குப் போட்டு பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் பஸ் வெகுநேரம் நின்றது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

1 ஜூன்

மச்சான் ஆத்மநாதன் வந்தார், பின்னால் சொர்ணவல்லி. அறந்தாங்கி பஸ்ஸில் என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள். அன்று அமாவாசை, தலை ஈரம், வந்தது கடலிலிருந்து. பஞ்சாங்கத்தை நான் எங்கே பார்த்தேன்!

"அப்பாரு திதிக்கே கடலுக்குப் போகாத ஆளு நீங்க. எந்தங்கச்சி உசுரோட இருக்கையில யாருக்கு மாப்ளே முழுக்குப் போட்டீங்க?"

சொர்ணவல்லி படியிலேயே நின்றாள். "நல்லாப் பாத்துக்கங்க. செத்தா போயிட்டேன்?"

எப்படியோ சொல்லிவிட்டேன். "சும்மா உக்காரத்தான் போனேன். ஒன்னோட போகணும்னு ஆசை. கூப்பிட வாய் வரல. நீ இல்லாம இந்த வீட்ல இருக்க முடியல."

மச்சான் தரையைப் பார்த்தார். துண்டை உதறிக்கொண்டு பஸ்ஸுக்கு எழுந்தார். "நீங்க போங்கண்ணே. இவங்கள நாலு வார்த்தை கேட்டுட்டு அடுத்த பஸ்ஸில வாரேன்" என்றாள்.

நாலு அல்ல, நானூறு கேட்டாள். எனக்குத் தெரிந்த மட்டும் பதில் சொன்னேன். அடுத்த பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது இருவருக்கும் கேட்டது. அவள் அடுப்படிக்குப் போய், "அரிசி எங்கங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.