அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணி,

இன்று காலை மருந்துப் பெட்டியைத் துடைத்தபோது அடியில் ஓர் இரும்புச்சத்து மாத்திரை அட்டை கிடைத்தது. நீங்கள் கொடுத்ததுதான். "எனக்கு நாலு அட்டை குடுத்தாங்க. நீயும் இளைச்சுக்கினே போற, வச்சுக்க தம்பி" என்று கையில் திணித்தீர்கள். காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. தூக்கிப் போட முடியவில்லை.

காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் பழுது பார்க்க வந்த வெளிநாட்டுக் கடற்படைக் கப்பலின் மருத்துவர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட நாள் அது. ஆங்கில வாத்தியார் என்பதால், மக்கள் சொல்வதை மாற்றிச் சொல்ல, சீருடை போட்ட பெண் மருத்துவரின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மொழிபெயர்ப்பு என்றால் ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றுவது மாதிரி, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று வகுப்பில் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்.

உங்கள் முறை வந்தது. என்னைப் பார்த்துத் தயங்கினீர்கள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "தீட்டு நின்னு எத்தினியோ வருசமாச்சு தம்பி. இப்ப மறுபடியும் படுது. அந்தம்மாகிட்ட சொல்லிடு."

கொழுந்தனிடம் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது. எனக்குத்தான் வரவில்லை. பின்வரிசையில் என் பழைய மாணவர்கள், சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், நின்றிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள். உடம்பு அசதி என்று மட்டும் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டார். உங்களைக் கேட்காமலே இல்லை என்றேன்.

வெளியே வந்து கேட்டீர்கள்: "இன்னா தம்பி, நான் அவ்ளோ சொன்னேன், நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்ட?"

"இங்கிலீஷ்ல அவ்வளவுதான் அண்ணி."

"சிக்கனமான பாஷதான்" என்று சிரித்தீர்கள்.

அதன்பின் உங்கள் மகள் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், கப்பல் டாக்டரே பார்த்து அசதிதான் என்று சொல்லிவிட்டார் என மறுத்துவிட்டீர்களாம். சென்னைக்குக் கொண்டுபோனபோது புற்றுநோய் கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. முன்னாலேயே யாரிடமாவது சொன்னீர்களா என்று அங்கே மருத்துவர் கேட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் உங்கள் மகள், இந்தப் பக்கம் நான். என்னை ஒரு தடவை பார்த்தீர்கள்.

"வெக்கப்பட்டுக்கினு நான்தாம்மா யார்கிட்டயும் சொல்லல."

என் வெட்கத்தை எடுத்து உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள்.

ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவு நாளில் எனக்கு இலை போட்டுப் பரிமாறும்போது உங்கள் மகள் புலம்புகிறாள். "அம்மா அப்பவே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம் சித்தப்பா." நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் சொன்னீர்கள் அண்ணி. அத்தனை பேர் நடுவில், என்னை நம்பிச் சொன்னீர்கள். அதை அவளிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.