ஓட்டில் இருந்த விரல்குழி

மச்சான்,

இன்று காலை ஆசிரியர் அறை அலுமாரியைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் உன் பானை ஓடு இருந்தது. மன்னாரில் உன் மாமா கிணறு வெட்டியபோது கிடைத்தது. மூன்று கோடுகள், பக்கத்தில் முள்ளுக்கரண்டி போல ஒரு கீறல். யார் கீறினார்கள், ஏன் கீறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தேன் என்பாய்.

கொட்டாஞ்சேனையில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாம் இருவரும் ஒரே நாளில்தான் தமிழ் படிப்பிக்க வந்தோம். ஒன்பதாம் வகுப்பில் நீ ஓட்டைக் கைமாற விட்டு, கண்டதை எழுதச் சொன்னாய். அத்தனை பிள்ளைகளும் "நான் ஒரு பானை ஓடு பேசுகிறேன்" என்று தொடங்கினார்கள். ரியூசன் வகுப்பில் பாடமாக்கிய "நான் ஒரு கிழிந்த குடை" என்ற சுயசரிதைக் கட்டுரை. அதில் குடை இருந்த இடத்தில் பானை ஓடு. ஒருவரும் ஓட்டைப் பார்க்கவேயில்லை.

"ஓடு பேசாது பிள்ளையள். பார்த்துப்போட்டு எழுதுங்கோ" என்றாய்.

வாரக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்க்கவைத்தாய். கடைசியில், துறைமுகத்தில் வேலைசெய்பவரின் மகள் ஒருத்தி எழுதினாள்: "அடிப்பக்கம் ஒரு விரல் அழுந்தின குழி. என் சுண்டுவிரல் மட்டும்தான் அதற்குள் போகிறது. செய்தவருக்கு என்னைவிடச் சின்னக் கை." அந்தக் குழியை நீயே அதுவரை கண்டதில்லை.

தவணைப் பரீட்சையில் பழம்பொருள் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவள் இதையே எழுதினாள். திருத்தியவன் நான். முன்னுரை இல்லை, பழமொழி இல்லை, முடிவுரை இல்லை. இருபது புள்ளிக்கு ஆறு போட்டேன். நீ தாளோடு வந்து நின்றாய்.

"ஆறு போட்டது புள்ளித்திட்டமோ, நீயோ?"

திட்டம்தான் என்றேன். அதன்பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை உனக்கு டெங்கு. ஐந்தே நாளில் போய்விட்டாய்.

இப்போது அவள் என் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். இன்று ஓட்டை அவள் மேசையில் வைத்தேன். தொடவில்லை. "சேர், இதுக்கு நோட்ஸ் தருவீங்களோ?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல. வெள்ளவத்தைச் சுவரெல்லாம் தங்கள் முகத்தை ஒட்டியிருக்கும் ரியூசன் வாத்திமார், பரீட்சையில் ஏ சித்திகளை மட்டும் எண்ணும் அதிபர், சிவப்புப் பேனையோடு நான், எல்லார்மேலும்தான். தமிழில் ஏ எடுக்கிற பிள்ளைக்குத் தான் நடந்துவரும் ஒழுங்கையைப் பற்றி நாலு வசனம் எழுத வராது. அப்படி ஆக்கியது நாங்கள்தான்.

நோட்ஸ் இல்லை, ஓட்டைப் பார்த்து எழுதுங்கோ என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு, அவர்களோடு நானும் எழுத உட்கார்ந்தேன். "காலவெள்ளத்தைக் கடந்துவந்த" என்று தொடங்கியது என் கை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"சேர், நீங்களும் பாடமாக்கினதோ?"

ஓம் என்றேன். வகுப்பு சிரித்து முடிய, அன்று ஆறு போட்டது நான்தான், அது என் பிழை என்று அவளிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

எந்த ஆறு என்று கேட்டாள். அவளுக்கு நினைவேயில்லை மச்சான். எனக்கு இருக்கிறது.