நீ சொல்லாமல் விட்ட விளம்பரம்

போன ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா புக்கிட் ரம்பாயில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது புகையிலை வாசம் அடித்தது. காலணி அடுக்கின் அடித்தட்டில் உன் காட்டு பூட்ஸ் இன்னும் இருக்கிறது. அதற்குள் சுருட்டிச் செருகிய காலுறையிலிருந்துதான் அந்த வாசம். அட்டை ஏறாமல் இருக்கக் காலுறையைப் புகையிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பதை நீ கடைசிவரை விடவில்லை போலும். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதைத் துவைத்துப் போட உன் மனைவிக்கு மனம் வரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லூபோக் சீனாவில் நம் ரப்பர் தோட்டத்துக்கு ஒரே வாரத்தில் பல்கலைக்கழகக் கடிதங்கள் இரண்டு வந்தன. நான் கேட்டது சட்டம், நீ கேட்டது பொறியியல். இருவருக்கும் கிடைத்ததோ வனவியல். கடிதங்களைக் கையில் கொடுத்த தோட்ட அலுவலகத்துக் கிராணி சிரித்தார்.

"மரத்துகிட்டருந்து தப்பிக்கத்தான்டா படிச்சீங்க. மறுபடி மரத்துகிட்டயே போறீங்களா?"

நான் தலைகுனிந்து நின்றேன். நீ விடவில்லை. "இந்தத் தடவ சீவ மாட்டோம் கிராணி, அளப்போம்" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு இருந்த மரியாதையை இன்றுவரை வேறு யாருக்கும் நான் கொடுத்ததில்லை.

காட்டுப் பயிற்சியில் ஒருவர் கை சுற்றி வராத மரங்கள். நாடாவின் ஒரு முனையோடு நீ ஒரு பக்கம், மறுமுனையோடு நான் மறுபக்கம். "மரம் ஆள் பாக்காதுடா மச்சான்" என்பாய். நான் நம்பினேன். கேட்காமல் கிடைத்த படிப்பு இரண்டாம் வருடத்திலேயே எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் நீதான்.

பட்டம் வாங்கிய பிறகு வேலையில்லாத அந்தச் சனிக்கிழமைகள் நினைவிருக்கிறதா? அலோர் காஜா நூலகத்தில் மலாய் நாளிதழ் உனக்கு, ஆங்கில நாளிதழ் எனக்கு. யார் கண்ணில் வேலை விளம்பரம் பட்டாலும் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நான் சொன்னேன். தோட்டக் கம்பெனி, பலகைத் தொழிற்சாலை, நாற்றுப்பண்ணை என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒருநாள் நீ காக்கிச் சட்டையோடு வந்து நின்றாய். வன அதிகாரி. "அவங்களே கூப்பிட்டாங்கடா" என்றாய். அதையும் நம்பினேன்.

பதினோரு வருடம் கழித்து, உன் மகளின் பிறந்தநாள் விருந்தில் நீயே என் காதருகே வந்து சொன்னாய். "அந்த வேல பேப்பர்லதான் வந்துச்சிடா. ஒரே ஒரு போஸ்ட். நீ வந்திருந்தா உனக்குத்தான் கெடச்சிருக்கும்." சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வெளியே போனவன் நான். அதற்குப் பிறகு இழவு வீடுகளில்தான் பார்த்துக்கொண்டோம்.

இப்போது உன் மகளுக்கு வனவியலில் இடம் கிடைத்திருக்கிறது. நமக்குத் தள்ளிவிட்டது போல இல்லை. அவளே கேட்டு வாங்கிய முதல் விருப்பம். ஏற்பதாகத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உன் மனைவி தொலைபேசியில் கெஞ்சினாள். "அண்ணே, வேணாம்னு சொல்லுங்க. அதே படிப்பு படிச்ச நீங்க சொன்னா கேப்பா." எனக்கும் அதில் மறுப்பில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மலாக்காவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

கூடத்தில் உன் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"பொம்பளப் புள்ள காட்டுல போய் என்னா செய்யும்லா? அக்கவுண்டிங் படிக்கட்டும். உங்க கூட்டாளி கெட்டிக்காரரு, கவர்மெண்ட் வேலையப் புடிச்சாரு. அதே படிப்புதானே நீங்களும் படிச்சீங்க? என்னா கிழிச்சீங்க?"

உன் மகள் என்னைப் பார்த்தாள். "ஆமா அங்கிள், நீங்க ஏன் அந்த வேலைக்கு அப்ளை பண்ணல?"

"விளம்பரம் வந்தது எனக்குத் தெரியலம்மா."

"அப்பா சொல்லலியா?"

உன் மனைவி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் உன்னை உடைத்துப்போட எனக்கு ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை உன்னோடு சேர்த்துக் காட்டையும் விட்டுவிடுவாள் என்று தோன்றியது. உன்னைக் காப்பாற்ற நினைக்கவில்லை. காட்டை விட்டுக்கொடுக்கத்தான் மனமில்லை.

மைத்துனர் பக்கம் திரும்பினேன். "என்னா கிழிச்சேன்னுதானே கேட்டீங்க? எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல ஆத்தோரம் காடு விட்டு வச்சிருக்காங்களான்னு நான்தான் தணிக்கைக்குப் போய்ப் பாக்குறேன். இல்லன்னா இல்லன்னு எழுதுறேன். பால்மரம் சீவுன எங்கப்பா பேரு கூட அன்னிக்கு மேனேஜருக்குத் தெரியாது, இன்னிக்கு மேனேஜருங்க ஃபைல தூக்கிக்கிட்டு என் பின்னாடி நடக்குறாங்க. செயற்கைக்கோள் படத்துல காட்ட அளக்குற வேல இருக்கு. ரோட்டோர மரம் எப்ப விழும்னு சொல்ற வேல இருக்கு. கடலோரக் கண்டல் காட்டத் திரும்ப நடுற வேல இருக்கு. எல்லாத்துக்கும் ஆள் தேடுறாங்க. நம்மாளுங்கதான் அங்க இல்ல. ஏன் இல்ல? உங்கள மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் குந்திக்கிட்டு வேணாம்னு சொல்றதால!"

"நல்லாத்தான் கோவம் வருது உங்களுக்கு" என்றார்.

"பல வருசக் கோவம். வத்தவே இல்ல."

சிரித்தது உன் மகள்தான், உன்னைப் போலவே தோளைக் குலுக்கி. கைப்பேசியை எடுத்தாள், இரண்டு தட்டு தட்டினாள். "மாமா, ஏத்துக்கிட்டேன்லா. முடிஞ்சது."

உன் மனைவி அடுப்படியிலிருந்து தேநீரோடு வந்தாள். எனக்கு முதலில் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அலோர் காஜாவிலிருந்து இன்னொரு பெண்ணும் அதே படிப்புக்கு வருகிறாளாம். வாசல்வரை வந்த உன் மகள் சொன்னாள். நான் அவளிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டேன். எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும், ஒரே ஒரு இடம்தான் என்றாலும், அந்தப் பெண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும்.

"கண்டிப்பா சொல்றேன். ஏன் அங்கிள்?"

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். காரணத்தை அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவளுடைய அப்பா அவளுக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் இதை மன்னிப்பு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.