வெள்ளிக்கிழமை வாசற்படி தாண்டாத நெருப்பு

அயித்தை,

மாமாவின் டிரங்குப் பெட்டியில், விபூதிப் பைக்கு அடியில், அவர் காசு வைத்து ஆடும் அந்தச் சீட்டுக்கட்டு இன்று அகப்பட்டது. ஓரம்கூடக் கருகவில்லை. நீங்கள் கண்மூடி நாற்பது நாள் கழித்தா இது என் கண்ணில் படவேண்டும்?

மாமா இதை வைக்கோல் படப்பில் ஒளித்திருக்கிறார் என்றுதானே படப்பையே கொளுத்தினீர்கள். அதோடு நின்றிருந்தால் வீட்டுச் சண்டை. அடுத்த மாதம் அண்டை வீட்டுப் படப்புகள் இரண்டு எரிந்தன. கொத்தமங்கலம் ஊரே உங்களைக் கைகாட்டியது. போலீஸ் பிடித்து, ஜாமீனில் வந்த உங்களுக்குத் தீ வைக்கும் பித்து உண்டா என்று பார்த்துச் சொல்ல, கோர்ட்டார் மதுரையிலிருந்து ஒரு டாக்டரை அனுப்பினார்கள். உண்டு என்று அவர் எழுதினால் சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்.

டாக்டர் வாசல் வேம்படியில் உட்கார்ந்தார். உங்களுக்குத் துணையாக நான், படப்புகள் எரிந்த தேதிகளைக் குறித்திருந்த நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். அவர் கேட்டதையெல்லாம் எழுதினேன். தும்மியதையும் எழுதினேன்.

"படப்பை ஏம்மா கொளுத்தினீங்க?"

"சீட்டுக்கட்டத் தேடுனேன், கெடைக்கல. அம்புட்டுப் பெரிய படப்புல ஒருத்தி எம்புட்டுத்தான் தேடுவா?"

"பக்கத்து வீட்டுப் படப்பு?"

"எம் புருசன் சீட்டு அங்குட்டு இல்லையே."

டாக்டர் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, "அடுப்புலேருந்து கொஞ்சம் நெருப்பு கொண்டாங்க" என்றார். உங்கள் கண் மின்னுகிறதா என்று பார்க்கத்தான் கேட்டார். நீங்கள் அசையவில்லை.

"வெள்ளிக்கெழம நெருப்பு வாசப்படி தாண்டப்படாது. சட்டப் பையில தீப்பெட்டிய வச்சுக்கிட்டு எதுக்குக் கேக்குறீக?"

நெருப்பென்றால் பயம் என்று அவர் இங்கிலீஷில் எழுதுவதை எட்டிப் படித்துவிட்டேன். வாய் நிற்கவில்லை.

"பயமில்லைங்க, வழக்கம். அந்த ரெண்டு படப்பும் எரிஞ்சது வெள்ளிக்கெழம. எங்க படப்பு புதன்."

என் நோட்டைக் கேட்டு வாங்கி, மூன்று தேதிகளையும் பார்த்தார். எழுதியதை அடித்தார். 'சித்தம் தெளிவு. பிடிவாதம் அதிகம்' என்று புதிதாக எழுதினார். அதைத் திண்ணையிலிருந்த மாமாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"இதச் சொல்ல மதுரையிலேருந்து வரணுமாக்கும்" என்றார் மாமா.

அவர்மேல் புகையிலைச் சாற்றைத் துப்பாத குறையாக நீங்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

டாக்டர் மறந்து விட்டுப்போன தீப்பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மாமா உள்ளே தூங்குகிறார். சீட்டுக்கட்டு என் மடியில்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலை வரை பொறுத்திருக்கிறேன், அயித்தை.